மின்னலில் பிறக்கும் கதிர்

மருத்துவமனையில் நம் நெஞ்சைப் படம் பிடிக்கும் எக்ஸ் கதிர் இடிமேகத்திலும் பிறக்கிறது என்றால் வியப்பாக இருக்கிறதல்லவா? இப்படி நடக்கக்கூடும் என்று முதலில் கணித்தவர் சி. டி. ஆர். வில்சன். ஸ்காட்லாந்தில் ஒரு விவசாயியின் மகனாக 1869-ஆம் ஆண்டு பிறந்தவர்.

1895 ஜூன் மாதத்தில் அவர் பென் நெவிஸ் மலைக்கு அருகில் ஒரு சிகரத்தில் நின்றிருந்தார். இடிமேகம் நெருங்கியது. திடீரென்று அவருடைய தலைமயிர் குத்திட்டு நின்றது. மின்னல் விழப்போவதற்கு அதுவே அறிகுறி. அவர் சரிவில் ஓடி இறங்கித் தப்பினார். (வெட்டவெளியில் நமக்கு அப்படி நேர்ந்தால், மரத்தடியை நாடாமல் கட்டடத்துக்குள் ஓடவேண்டும்.) இடிமேகத்தின் மின்சாரம் அதன்பின் அவர் மனத்தை விடவே இல்லை.

எலெக்ட்ரான் என்னும் மிகச் சிறிய மின்துகள் காற்றில் ஓடும்போது மோதி மோதி வேகம் இழக்கும். ஆனால் ஏற்கெனவே விரைந்தோடும் எலெக்ட்ரானை இடிமேகத்தின் மின்புலம் மேலும் உந்தினால், இழப்பதைவிடப் பெறுவதே மிகும்; அது அடங்காமல் பாயும் என்று 1925-இல் வில்சன் எழுதினார். அவ்வாறு பாயும் துகள் காற்றின் அணுக்கருவை ஒட்டி வளையும்போது எக்ஸ் கதிரும் அதனினும் வலிய காமாக் கதிரும் வெளிப்படும்.

வேறொரு கண்டுபிடிப்புக்காக வில்சன் 1927-இல் நோபல் பரிசு பெற்றார். இந்தக் கணிப்பு உறுதியானதைக் காணாமலே 1959-இல் காலமானார். அடர்ந்த காற்று இக்கதிர்களை விரைவில் விழுங்கிவிடுவதால், தரையில் இருந்தவர்களுக்கு அவை எளிதில் அகப்படவில்லை. நம்மைக் காப்பதும் அந்தக் காற்றுதான். மின்னலில் நாம் அஞ்ச வேண்டியது மின்சாரத்தையே.

தொலைதூர விண்வெளியை ஆராய 1991-இல் ஏவப்பட்ட காம்ப்டன் துணைக்கோள், எதிர்பாராத விதமாகக் கீழே பூமியிலிருந்து வந்த காமாக் கதிர் வெட்டுக்களைப் பதிவு செய்தது. ஒவ்வொன்றும் நொடியில் ஆயிரத்தில் சில பங்கே நீடித்தது! 1994-இல் இச்செய்தி வெளியானது. இத்தகைய வெட்டுக்கள் மிகுதியாகத் தோன்றும் வட்டாரங்களுள் நம் தென்கிழக்காசியாவும் ஒன்று என்பது பின்னர்த் தெரியவந்தது.

2017 பிப்ரவரி 6-ஆம் நாள் ஜப்பானின் காஷிவசாகி கடற்கரையில் மின்னல் வெட்டியது. அதன் காமாக் கதிர், காற்றிலுள்ள நைட்ரஜன் அணுக்கருவையே உடைத்தது. அப்போது பிறந்த நிலையற்ற அணுக்கள், எலெக்ட்ரானுக்கு நேர்மாறான பாசிட்ரான் துகள்களை உமிழ்ந்தன. மின்னல் மறைந்த பிறகும், ஏறத்தாழ ஒரு நிமிடத்துக்கு அந்த அடையாளத்தைக் கருவிகள் பதிவு செய்தன.