கடற்கொள்ளை வானொலியும் நினைவு விழாவும்

2004ஆம் ஆண்டு ஈஸ்டர் நாட்களில், இங்கிலாந்தின் கிழக்குக் கரையிலுள்ள ஹாரிச் துறைமுகத்தில், பழைய வெளிச்சக் கப்பலொன்றிலிருந்து ஒரு வானொலி நிலையம் ஒலிபரப்பியது. நாற்பது ஆண்டுகளுக்கு முன், அனுமதியெதுவுமின்றிக் கடலிலிருந்து ஒலித்த றேடியோ கரோலைனின் நினைவாக எழுந்த முயற்சி அது. விழாவை நடத்தியவர் யார்? பி.பி.சி.யின் எசெக்ஸ் நிலையத்தார்! எந்த நிறுவனத்தின் ஏகபோகத்தை எதிர்த்து அன்று கப்பல்கள் நங்கூரமிட்டனவோ, அந்நிறுவனமே தனக்குக் கடற்கொள்ளைப் பெயர் சூட்டிக்கொண்டது. 2007இலும் 2009இலும் விழா மீண்டும் நடந்தது. இதைக் கண்டு நகைப்பதோடு நாம் நின்றுவிடலாகாது.

1964 மார்ச் 28இல் றேடியோ கரோலைன் ஒலிக்கத் தொடங்கியது. ரோனன் ஓராஹிலி என்ற ஐரிஷ் இளைஞர், டென்மார்க்கின் பழைய பயணிக் கப்பலொன்றை வாங்கி, பிரித்தானியச் சட்டம் எட்டாத வகையில் கரைக்கு மூன்று மைலுக்கு அப்பால் நிறுத்தினார். அக்காலத்தில் பி.பி.சி. நாளொன்றுக்கு ஏறத்தாழ ஐந்து மணித்தியாலங்களே இசைத்தட்டுகளை ஒலிபரப்பலாம். இசைத்தட்டுக் கம்பனிகளோடும் இசைக்கலைஞர் சங்கத்தோடும் செய்துகொண்ட உடன்பாடு அத்தகையது. தட்டுச் சுழன்றால் வாத்தியக்காரனின் பிழைப்புப் போய்விடும் என்ற சங்கத்தின் அச்சம் பொருளற்றதன்று. எனினும் அந்நாட்டு இளைஞர் விரும்பிய இசை வானொலியில் அரிதாகவே ஒலித்தது. கப்பல்களோ நாள் முழுவதும் அதையே வழங்கின.

அதனால் கப்பலினரைப் புரட்சிக்காரராகக் கொள்வது பேதைமை. விளம்பரப் பணமே அவர்களது எரிபொருள். றேடியோ லண்டன் கப்பலுக்கு முதலிட்டவர் டெக்ஸாஸ் செல்வர். 1966 ஜூனில், வானொலிச் சொத்துத் தகராறொன்றில் றேடியோ சிற்றியின் உரிமையாளர் ரெஜினல்ட் கல்வெர்ட் சுட்டுக்கொல்லப்பட்டார். பாட்டைக் கேட்டவனுக்குத் தன் வாழ்வைப் பேசும் உரிமையைக் கப்பலும் கொடுக்கவில்லை, கரையும் கொடுக்கவில்லை.

ஹறொல்ட் வில்சனின் தொழிற்கட்சி அரசு கொண்டுவந்த தடைச்சட்டம் 1967 ஓகஸ்ட் 15இல் நடைமுறைக்கு வந்தது. கப்பலுக்கு உணவு கொடுப்பதும் விளம்பரம் கொடுப்பதும் குற்றமாயின. ஆறு வாரங்கள் கழிந்தன. செப்டெம்பர் 30இல் பி.பி.சி. புதிதாகத் தொடங்கிய மெல்லிசை நிலையத்தில் முதற்குரல் ரொனி பிளாக்பேர்னுடையது. அவர் கப்பலில் பேசிப் பழகியவர். அரசு தடைசெய்ததைப் பி.பி.சி. தன் வீட்டுக்குள் அழைத்துக்கொண்டது.

இக்கதை நமக்குப் புதிதன்று. 1952இல் இந்திய வானொலி திரைப்பாடலைத் தரக்குறைவென ஒதுக்கியபோது, இந்தியாவின் இல்லங்கள் இலங்கை வானொலியின் வர்த்தக ஒலிபரப்பை நாடின. நம்மிடம் கப்பல் இருக்கவில்லை, தீவே இருந்தது. 1957இல் விவித பாரதியைத் தொடங்கி டெல்லி பணிந்தது.

கரோலைன் சட்டத்துக்குப் பின்னும் சில மாதம் பாடியது; 1968 மார்ச்சில் கடனுக்காகக் கப்பல்கள் இழுத்துச் செல்லப்பட்டன. பின்னர் பலமுறை அது மீண்டெழுந்தது. 2017இல் அதற்கு முறையான உரிமமே கிடைத்தது. கொடுக்கப்பட்ட அலைவரிசை 648 கிலோஹேர்ட்ஸ். முன்னர் பி.பி.சி. உலக சேவை ஒலித்த அதே இடம்.