பேரரசன் நட்ட கிழங்கு

பாரிஸில் ஒரு காப்பிக் கடையில் உட்கார்ந்தால், கோப்பையோடு வரும் சீனிக் கட்டி பெரும்பாலும் கரும்பில் பிறந்ததாக இருக்காது. நாம் பொரியலுக்கு நறுக்கும் பீட்ரூட்டின் வெள்ளைப் பங்காளி ஒன்று வட பிரான்ஸின் வயல்களில் விளைகிறது. பார்ப்பதற்குக் கொழுத்த முள்ளங்கி போல இருக்கும். அதைச் சீவி, வெந்நீரில் ஊறவைத்து, சாற்றைக் காய்ச்சி எடுத்த சீனி அது. நாக்குக்கு வித்தியாசம் தெரியாது. அந்தக் கிழங்கு அங்கே வேரூன்றியதற்குப் பின்னால் பிரெஞ்சுப் புரட்சியும் நெப்போலியனின் ஏற்றமும் வீழ்ச்சியும் இருக்கின்றன.

சர்க்கரை என்ற சொல் நம் பக்கத்திலிருந்து போனது. வடமொழியின் ‘சர்க்கரா’ பாரசீகத்தையும் அரபு நாட்டையும் கடந்து, ‘சுக்கர்’ ஆகி ஐரோப்பாவுக்குள் நுழைந்தது. கரும்பும் ஓரிடத்தில் நிற்காத பயிர். அதியமானின் முன்னோர்தான் அதை இந்நாட்டுக்குக் கொண்டுவந்தார்கள் என்று புறநானூற்றில் ஔவையார் பாடுகிறார். பதினெட்டாம் நூற்றாண்டில் கரும்பின் தலைநகரம் கரீபியக் கடலில் இருந்தது. செந்தொமிங்கு என்ற பிரெஞ்சுத் தீவுக் குடியேற்றத்தில், இன்றைய ஹைட்டியில், ஏறத்தாழ 5 லட்சம் ஆப்பிரிக்க அடிமைகள் கரும்பும் காப்பியும் விளைவித்தார்கள். ஐரோப்பா தின்ற சீனியில் ஐந்தில் இரண்டு பங்கு அங்கிருந்து போனது.

அதனால்தான் 1747இல் பெர்லினில் நடந்த ஒரு சோதனையை யாரும் பொருட்படுத்தவில்லை. மார்கிராஃப் என்ற வேதியியலாளர் பீட் கிழங்கைச் சாராயத்தில் ஊறவைத்து, அதிலிருந்து படிகங்களைப் பிரித்தார். உருப்பெருக்கியில் பார்த்தால் கரும்புச் சீனியேதான். ஆனால் கப்பல் கப்பலாகச் சீனி வந்திறங்கும்போது கிழங்கை யார் பிழிவார்கள்? அவருடைய மாணவர் ஆகார்டுதான் விடாமல் முயன்று, பிரஷ்ய மன்னரின் உதவியோடு சிலேசியாவில் உலகின் முதல் பீட் சீனி ஆலையை அமைத்தார். 1802இல் அது ஓடத் தொடங்கியது. முயற்சி தோற்றுவிட்டதாக அறிவித்தால் பெரும்பணம் தருவதாக ஆங்கிலேய வணிகர்கள் அவரிடம் பேரம் பேசினார்கள் என்று ஒரு கதை உண்டு.

அதற்குள் கரீபியக் கடலில் தீ பற்றியிருந்தது. 1791 ஆகஸ்டில் செந்தொமிங்கின் அடிமைகள் கிளர்ந்தெழுந்து கரும்புத் தோட்டங்களைக் கொளுத்தினார்கள். சில மாதங்களில் பாரிஸில் சீனி விலை எகிறியது. 1792 ஜனவரியில் மக்கள் மளிகைக் கிடங்குகளை உடைத்துச் சீனியைப் பழைய விலைக்கே எடுத்துக்கொண்டார்கள். புரட்சி என்றால் ரொட்டிக்கான சண்டையைத்தான் நாம் படித்திருக்கிறோம். சீனிக்கும் பாரிஸ் தெருவில் இறங்கியது. 1794இல் புரட்சி அரசு அடிமைமுறையை ஒழித்தது.

அடிமைமுறையை 1802இல் மீண்டும் கொண்டுவந்தவர் நெப்போலியன். அவர் மனைவி ஜோசஃபின் மார்த்தினிக் தீவின் கரும்புத் தோட்டக்காரர் ஒருவரின் மகள். தங்கை கணவர் லெக்லெர்க்கின் தலைமையில் செந்தொமிங்குக்கு ஒரு பெரும்படையை அனுப்பினார் நெப்போலியன். கருப்பினத் தலைவர் தூசான் லுவெர்த்தூர் பிடிபட்டு, பிரான்ஸின் குளிர்ந்த மலைக்கோட்டைச் சிறையில் 1803இல் இறந்தார். ஆனால் லெக்லெர்க்கையும் அவருடைய வீரர்கள் பல்லாயிரம் பேரையும் மஞ்சள் காய்ச்சல் கொண்டுபோனது. 1804 ஜனவரி 1 அன்று ஹைட்டி சுதந்திர நாடானது. நெப்போலியனின் முதல் பெருந்தோல்வி மாஸ்கோ பனியில் நேர்ந்ததல்ல என்றே நான் சொல்வேன். அது கரும்புக்காட்டில், அடிமைகளாக இருந்தவர்கள் கையில் நேர்ந்தது.

அடுத்து அவர் ஆங்கிலேய வணிகத்தின் கழுத்தை நெரிக்கப் பார்த்தார். 1806 நவம்பரில், வென்ற பெர்லினில் இருந்தபடியே, பிரிட்டனோடு ஐரோப்பா வணிகம் செய்யக் கூடாதென்று ஆணையிட்டார். கடல் பிரிட்டனின் கையில் இருந்ததால் தீவுகளின் சீனியும் சேர்ந்து நின்றுபோனது. கடத்தல்காரர்களுக்கு நல்ல காலம். வேதியியலாளர்கள் திராட்சைச் சாற்றைப் பாகாகக் காய்ச்சினார்கள். உருளைக்கிழங்கைப் பிரெஞ்சுக்காரர்கள் வாயில் வைக்கப் பாடுபட்ட பர்மாந்தியே இதற்கும் பரிந்து எழுதினார். ஆனால் பாகு பாகாகவே நின்றது. வெள்ளைக் கட்டி வேண்டுமென்றால் பீட்தான் கதி.

1811 மார்ச்சில் 32,000 ஹெக்டேரில் பீட் பயிரிட வேண்டும் என்று ஆணை பிறந்தது. பாரிஸை ஒட்டிய பாஸியில் ஆலை நடத்திய தெலெசேர் தரமான சீனிக் கட்டிகளை எடுத்துவிட்டதாக 1812 ஜனவரியில் செய்தி வந்தது. பேரரசர் உடனே வண்டியைப் பூட்டச் சொல்லி நேரில் போனார். பார்த்த மகிழ்ச்சியில் தன் மார்பிலிருந்த லெஜியன் தெ ஹானர் பதக்கத்தைக் கழற்றி அவருக்குக் குத்திவிட்டார். கேலிச் சித்திரக்காரர்கள் சும்மா விடவில்லை. இளவரசக் குழந்தை பீட் கிழங்கைச் சப்ப, அது சீனி என்று அப்பா சொல்கிறாரே என்று தாதி தேற்றுவதுபோல் வரைந்தார்கள். ஆனாலும் ஓரிரு ஆண்டுகளில் 300க்கும் மேற்பட்ட ஆலைகள் எழுந்தன.

ரஷ்ய மன்னர் அந்த வணிகத் தடையிலிருந்து விலகியதே நெப்போலியன் 1812இல் படையெடுக்க ஒரு முக்கியக் காரணம். பனியும் பசியும் அந்தப் படையைத் தின்றன. 1814இல் நெப்போலியன் முடி துறந்தார். துறைமுகங்கள் திறந்தன, மலிவான கரும்புச் சீனி கொட்டியது, பீட் ஆலைகள் ஒவ்வொன்றாக மூடின. வாட்டர்லூ தோல்வியோடு கிழங்கின் கதையும் முடிந்திருக்க வேண்டும். அர்ராஸ் ஊரில் கிரெஸ்பெல் என்ற ஆலைக்காரர் போன்ற சில பிடிவாதக்காரர்கள்தான் அதை உயிரோடு வைத்திருந்தார்கள். இருபது ஆண்டுகளில் பீட் மறுபடி தழைத்தது. 1840களில் மொராவியாவில் ஒரு சீனி ஆலை மேலாளர், கூம்புச் சீனியை வெட்டும்போது மனைவி விரலை அறுத்துக்கொண்டதைப் பார்த்து, சதுரச் சீனிக் கட்டியைக் கண்டுபிடித்தார்.

இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்த இடம் ஒரு சிறை. ஆட்சியைக் கவிழ்க்க முயன்று பிடிபட்ட நெப்போலியனின் தம்பிமகன் லூயி நெப்போலியன் ஹாம் கோட்டையில் அடைபட்டிருந்தார். சுற்றிலும் பீட் விளையும் சீமை. அங்கிருந்தபடி 1842இல் பீட் சீனிக்காக வாதாடி ஒரு நூல் எழுதினார். பத்தாண்டுகளில் அவரே மூன்றாம் நெப்போலியனாக முடிசூடிக்கொண்டார்.

இடையில், 1848இல் பிரான்ஸில் மறுபடி ஒரு புரட்சி வெடித்து, அடிமைமுறை இரண்டாவது முறையாக, இம்முறை நிலையாக, ஒழிந்தது. தீவுத் தோட்டக்காரர்கள் ஒப்பந்தக் கூலிகளைத் தேடினார்கள். புதுச்சேரியிலும் காரைக்காலிலும் கப்பல்கள் காத்து நின்றன. 1853இல் மார்த்தினிக்கிலும், 1854இல் குவாதலூப்பிலும் தமிழர்கள் வந்திறங்கிக் கரும்பு வெட்டினார்கள். இந்தியாவிலிருந்து அப்படிப் போனவர்கள் குவாதலூப்புக்கு மட்டும் 40,000க்கும் மேல்.

அவர்கள் வெட்டிய கரும்புக்குப் போட்டி அதே பேரரசின் பீட். 1880களில் ஐரோப்பியக் கிழங்கு உலகச் சந்தையில் கரும்பை முந்தியது. சீனி விலை சரிந்தது. தீவுகளின் ஆலைகள் பல நொடித்தன. புதிய கூலிகளை ஏற்றிய கப்பல்களும் நின்றுபோயின. பலர் ஊர் திரும்பவில்லை. தங்கியவர்களின் பேரன் பேத்திகள் இன்றும் அந்தத் தீவுகளில் மாரியம்மனை ‘மாலியெமன்’ என்று அழைத்துக் கும்பிடுகிறார்கள்.