கோதுமை மாகாணம் தந்த மருத்துவம்

மாகாண அரசியலைச் சிறிய அரசியலெனக் கருதுவோர் நம்மிடையே பலர் உளர். பெருங்கொள்கைகள் தலைநகரில் பிறப்பன. மாகாணங்கள் அவற்றை நிறைவேற்றுவன, அன்றேல் நிதி கேட்டு விண்ணப்பிப்பன என்பதே அவர்களது எண்ணம். இவ்வெண்ணம் எத்துணை தவறானது என்பதைக் கனடாவின் சஸ்கச்சுவான் மாகாணத்து வரலாறு காட்டுகின்றது. இன்று கனடிய மக்கள் தம் தேசத்தின் பெருமையெனப் போற்றும் பொது மருத்துவக் காப்புறுதி, அங்குதான் வேர்கொண்டது.

சஸ்கச்சுவான் செல்வம் கொழித்த மாகாணமன்று. பரந்த கோதுமை வயல்கள், கொடிய குளிர், ஒன்றுக்கொன்று நெடுந்தொலைவிலுள்ள சிற்றூர்கள். அத்தகைய இடத்தில் வைத்தியர் நிலைத்திருப்பது அரிது. 1914ஆம் ஆண்டில் சார்ணியா என்னும் கிராமச்சபை, தன் வைத்தியர் வெளியேறிவிடாதிருக்கும்பொருட்டு, பொதுநிதியிலிருந்து 1,500 டொலர் வழங்க முன்வந்தது. அயற்சபைகளும் அவ்வழியைப் பின்பற்றின. கோதுமையைக் கூட்டுறவு முறையில் விற்கக் கற்ற விவசாயிகளுக்கு, நோயின் சுமையையும் கூட்டாகச் சுமக்கலாம் என்பது புரியாத தத்துவமன்று. 1930களில் வறட்சியும் விலை வீழ்ச்சியும் ஒருங்கே தாக்கியபோது, தனித்தனியே பணங்கொடுத்து வைத்தியம் பெறும் முறை எவ்வளவு நொய்மையானது என்பதை அவர்கள் அனுபவத்தால் உணர்ந்தனர்.

1944இல், கூட்டுறவுப் பொதுநலக் கூட்டமைப்பு என்னும் இடதுசாரிக் கட்சி, சட்டசபையின் 52 ஆசனங்களுள் 47ஐக் கைப்பற்றியது. முதல்வரான ரொமி டக்ளஸ் சிறுவயதில் கால் எலும்பு நோயால் வருந்தியவர். சத்திரசிகிச்சை நிபுணரொருவர் இலவசமாகச் சிகிச்சை செய்தமையாலேயே காலை இழவாது தப்பினார். ஒரு சிறுவனின் கால் ஒருவரது கருணையை நம்பியிருத்தலாகாது என்பதே அவர் அதிலிருந்து பெற்ற பாடம். ஆயினும் அவரது அரசாங்கம் அவசரப்படவில்லை. 1946இல் சுவிவ்ட் கறன்ற் பிரதேசத்தில் வைத்தியச் சேவைத் திட்டம் பரீட்சிக்கப்பட்டது. 1947இல் மாகாணம் முழுவதற்கும் வைத்தியசாலைக் காப்புறுதி வந்தது. வைத்தியர் கட்டணங்களையும் உள்ளடக்கும் திட்டத்தை முன்வைத்து 1960ஆம் ஆண்டுத் தேர்தலில் மக்கள் ஆணை பெறப்பட்டது.

சட்டம் 1961இல் நிறைவேறியது. டக்ளஸ் தேசிய அரசியலுக்குச் சென்றபின் பொறுப்பேற்றவர் வுட்றோ லொயிட். ஆசிரியராயிருந்தவர், ஆசிரியர் சங்கத்திற்குத் தலைமை தாங்கியவர். 1962 ஜூலை 1ஆந் திகதி திட்டம் ஆரம்பமான அன்றே, மாகாணத்து வைத்தியர்களுள் மிகப் பெரும்பாலோர் தம் நிலையங்களை மூடினர். அரசாங்கம் வைத்தியரை அடிமையாக்குகின்றது என்ற கூக்குரல் எங்கும் எழுந்தது. நோயுற்ற குழந்தையை வைத்திருந்த தாய்மாரின் அச்சம் உண்மையானது; அவ்வச்சத்தை அரசியல் ஆயுதமாக்கியோரும் இருந்தனர். ஆனால் அரசாங்கம் பின்வாங்கவில்லை. பிரித்தானியாவிலிருந்தும் வேறிடங்களிலிருந்தும் வைத்தியர்கள் வந்தனர். பொதுமக்கள் தாமே சமூக மருத்துவ நிலையங்களை அமைத்தனர். 23 நாட்களின்பின் சஸ்கற்றூனில் உடன்பாடு எட்டப்பட்டது.

அவ்வுடன்பாடு முழுவெற்றியன்று. ஒவ்வொரு சிகிச்சைக்கும் தனிக்கட்டணம் என்ற முறை நிலைத்தது. மக்கள் அமைத்த நிலையங்கள் முதன்மைபெறும் வாய்ப்புச் சுருங்கியது. இக்குறையை மறைத்தல் நேர்மையாகாது. எனினும் எவரும் நோயினால் கடனாளியாகலாகாது என்ற கோட்பாடு வென்றது.

1964இல் லொயிட்டின் கட்சி தோற்றது. வெற்றிபெற்ற லிபரல் கட்சி திட்டத்தைக் கைவிடத் துணியவில்லை. மக்கள் அதன் பயனை நுகர்ந்துவிட்டனர். 1966இல் மத்திய நாடாளுமன்றம் மருத்துவப் பராமரிப்புச் சட்டத்தை இயற்றியது. 1972க்குள் மாகாணங்கள் யாவும் அதிற் சேர்ந்துகொண்டன. மாகாணம் முன்னே சென்றது, மத்தி பின்தொடர்ந்தது.

கனடாவின் 1867ஆம் ஆண்டு அரசமைப்பு, வைத்தியசாலைகளை மாகாணங்களிடம் ஒப்படைத்திருந்தது. அதே அதிகாரம் மற்றைய மாகாணங்களுக்கும் இருந்தது. சஸ்கச்சுவானை வேறுபடுத்தியது அதிகாரமன்று. அரை நூற்றாண்டாகக் கிராமச்சபைகளிலும் கூட்டுறவுச் சங்கங்களிலும் மக்கள் பெற்ற பயிற்சியேயாகும். மாகாணங்களுக்கு எவ்வளவு அதிகாரம் என்று வாதிடும் நாம், அவ்வதிகாரம் எவருக்காக, எதற்காக என்ற வினாவையும் உடன் எழுப்புதல் வேண்டும். அதற்கு விடை சொல்லப் பழகிய மக்களே, கிடைத்த அதிகாரத்தை உரிமையாக மாற்ற வல்லவர்.