தனுஷ்கோடி நிலையமும் நம் சபுராளிகளும்

தனுஷ்கோடி என்றதும் பலருக்குத் தீர்த்த யாத்திரையும் புயலும் நினைவுக்கு வரும். கீழக்கரை, பெரியபட்டினம், தொண்டி முதலிய ஊர்களின் பழைய குடும்பங்களுக்கோ அது கொழும்பு வாசல். ‘ஸஃபர்’ என்னும் அரபுச் சொல்லுக்குப் பயணம் என்பதே பொருள். நம் வீடுகளில் அது ‘சபுர்’ ஆகி, பிழைப்பு நாடிக் கடல் கடப்பதையே குறிக்கலாயிற்று.

முற்காலத்தில் தோணி ஏறியவர் காற்றின் தயவில் இருந்தார். 1914 பிப்ரவரி 24 அன்று பாம்பன் பாலம் திறக்கப்பட்டதும் சபுருக்கு நேரம் குறிக்கப்பட்டது. சென்னை எழும்பூரிலிருந்து வரும் போட் மெயில் தனுஷ்கோடித் துறையருகே நிற்கும். இறங்கியவர் நீராவிக் கப்பல் ஏறி, சுமார் 35 கிலோமீட்டர் கடலைக் கடந்து, தலைமன்னாரில் கொழும்பு இரயிலைப் பிடிப்பார். நிக்காஹுக்கும் பெருநாளுக்கும் நாள் கணக்கிட்டு ஊர் திரும்ப வழி பிறந்தது. கணவர் வரும் நாளை மனைவி முன்னரே அறிந்திருப்பது சிறிய காரியமன்று.

எளிய வகுப்புப் பயணிகள் பலர் மண்டபம் முகாமில் நோய்த்தடுப்புக்காகச் சில நாட்கள் தங்க நேர்ந்தது. அங்கே தொழுகையைச் சுருக்கலாமா? ஷாஃபிஈ மத்ஹபின்படி, வந்த நாளும் போகும் நாளும் நீங்கலாக நான்கு நாட்கள் தங்குவதென உறுதிகொண்டவர் முழுமையாகவே தொழ வேண்டும். இன்று போவோம், நாளை போவோம் என்று காத்திருப்பவருக்கோ பதினெட்டு நாட்கள் வரை சலுகை உண்டு. ஃபிக்ஹு நூல்களின் இச்சட்டம் நம்மவர்க்கு இரயில் பாதையோரம் தேவைப்பட்டது.

1964 டிசம்பர் 22 இரவுப் புயலே இவ்வாசலை அடைத்தது என்பர். நாம் அவ்வாறு கருதவில்லை. இலங்கையின் 1948ஆம் ஆண்டுக் குடிவரவுச் சட்டம் மறு ஆண்டு நடைமுறைக்கு வந்தபோதே விசாவும் தங்கும் அனுமதியும் குறுக்கே நின்றன. தலைமுறையாய்க் கடை வைத்திருந்தவரும் தம் கடையில் அமரத் தாள் காட்ட வேண்டியதாயிற்று. கடல் விழுங்கும் முன்பே காகிதம் வாசலைச் சாத்தத் தொடங்கிவிட்டது.

புயலிரவில் பாம்பனிலிருந்து சென்ற இரயிலோடு நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். பின்னர் இராமேசுவரத்திலிருந்து ஓடிய கப்பலும் 1984இல், இலங்கைக் கலவரங்களை அடுத்து, நின்றுபோனது. போரில் அழிந்த தலைமன்னார்ப் பாதையில் 2015இல் மீண்டும் இரயில் வந்தது. இக்கரையில் தனுஷ்கோடிக்குத் தண்டவாளம் திரும்பவில்லை. நிலையத்தின் இடிந்த சுவர்கள் மணலில் நிற்கின்றன.