கணினிக்கு ஸ்பீக்கர் வாங்கப் போறீங்களா? பெட்டியில் போட்டிருக்கும் 'வாட்ஸ்' கணக்கை முதலில் பாருங்க

முதல் சம்பளம் கைக்கு வந்த வாரத்தில் இது பலருக்கும் நடக்கும். இணையக் கடையில் 60 ரிங்கிட்டுக்கு ஒரு ஜோடி ஸ்பீக்கர், பெட்டியில் கொட்டை எழுத்தில் '1000 வாட்ஸ்'. விரல் தானாகவே 'வாங்கு' பொத்தானுக்குப் போகும். கொஞ்சம் பொறுங்க.

அந்த 1000 எங்கிருந்து வருகிறது?

எண்ணுக்குப் பக்கத்தில் பிஎம்பிஓ என்று சின்னதாக எழுதியிருக்கிறதா? கண நேர உச்சத்தை வைத்துச் சொல்லப்படும் விளம்பர எண் அது. அதை அளக்கப் பொதுவான தரம் எதுவும் கிடையாது, ஆளுக்கொரு கணக்கு. நீங்க தேட வேண்டியது ஆர்எம்எஸ். ஒரு ஸ்பீக்கர் தொடர்ந்து எவ்வளவு சக்தியோடு பாடும் என்பதை அதுதான் சொல்லும்.

கணினியின் யுஎஸ்பி துளையிலிருந்து மட்டுமே மின்சாரம் எடுக்கும் ஸ்பீக்கர் என்றால், பள்ளிக்கூட இயற்பியல் போதும். யுஎஸ்பி 2.0 துளை தருவது 5 வோல்ட், அரை ஆம்பியர். பெருக்கினால் 2.5 வாட்ஸ். யுஎஸ்பி 3.0 என்றால் 4.5. புதிய டைப்-சி துளையிலும் வழக்கமாக 15 வாட்ஸ்தான் உச்சம். உள்ளே போவதே இவ்வளவுதான் என்றால், வெளியே 1000 எப்படி வரும்?

அதற்காக யுஎஸ்பி ஸ்பீக்கர் எல்லாமே குப்பை என்று அர்த்தமில்லை. மேசையில் ஒரு கை தூரத்தில் உட்கார்ந்து கேட்பவருக்கு நாலைந்து வாட்ஸே தாராளம். சிங்கப்பூர் நிறுவனமான கிரியேட்டிவின் பெபல் போன்ற குட்டி ஜோடிகள் இணைய வகுப்புக்கும் செய்திக்கும் நன்றாகவே உழைக்கும். பாட்டு என்று வரும்போதுதான் சிக்கல்.

உறுமி மேளம் எங்கே போச்சு?

தவில், உறுமி, மிருதங்கத்தின் தொப்பிப் பக்கம், இளையராஜா பாடல்களில் ஓடும் பேஸ் கிட்டார் எல்லாமே தாழ்ந்த அதிர்வெண்ணில் வாழ்பவை. நாலு தந்தி பேஸ் கிட்டாரின் அடி சுரம் சுமார் 41 ஹெர்ட்ஸ். அவ்வளவு கீழே இறங்க நிறைய காற்றைத் தள்ள வேண்டும். இரண்டு அங்குலக் கூம்பால் அது முடியாது. உறுமி அடிப்பது அட்டைப்பெட்டியைத் தட்டுவது போலக் கேட்பது அதனால்தான்.

பாட்டுதான் முக்கியம் என்றால், 4 அங்குலக் கூம்பும், உயர் ஒலிக்குத் தனியாக ஒரு ட்வீட்டரும், சுவர் பிளக்கிலிருந்து மின்சாரமும் உள்ள ஜோடியைப் பாருங்க. எடிஃபையர் ஆர்1280டி இந்த வகைக்கு ஓர் உதாரணம்: இரண்டும் சேர்த்து 42 வாட்ஸ் ஆர்எம்எஸ். 1000-க்கு முன்னால் 42 அற்பமாகத் தெரியும். ஒரு படுக்கையறைக்கு அதில் பாதிகூடத் தேவைப்படாது.

தனி சப்வூஃபர் வேண்டுமா? தரை வீடு என்றால் உங்க விருப்பம். அடுக்குமாடியில் இருந்தால் எங்க பதில், வேண்டாம். அந்த அதிர்வு தரை வழியாகக் கீழ்வீட்டுக்குப் போகும். பிறகு கதவு தட்டப்படும்.

நேரில் போய்க் கேளுங்க

பிரிக்பீல்ட்ஸில் இருப்பவர்கள் மோனோரயில் ஏறி இம்பியில் இறங்கினால் லோ யாட் பிளாசா நடக்கும் தூரம். கிள்ளானிலிருந்து கொமுட்டர் ரயிலில் கேஎல் சென்ட்ரல் வந்து மாறிக்கொள்ளலாம். போகும்போது உங்களுக்கு மனப்பாடமான இரண்டு பாட்டுகளைக் கைப்பேசியில் நல்ல தரத்தில் பதிவிறக்கி எடுத்துப் போங்க. கடைக்காரர் போடும் பாட்டு அவருடைய ஸ்பீக்கருக்காகத் தேர்ந்தெடுத்ததாக இருக்கலாம்.

இரண்டு ஸ்பீக்கர்களை ஒப்பிடும்போது ஒலி அளவு ஒன்றாக இருக்கட்டும். சத்தம் கொஞ்சம் கூடினாலே 'இதுதான் நல்லாருக்கு' என்று காது ஏமாந்துவிடும். பிறகு சத்தத்தைக் குறைங்க. மெதுவாக வைத்தும் பாடகரின் குரல் இரண்டு பெட்டிக்கும் நடுவிலிருந்து வருகிறதா? மின்னல் எஃப்எம் செய்தியைப் போட்டால் 'ழ'வும் 'ள'வும் தனித்தனியாகக் கேட்கிறதா? இந்த இரண்டிலும் தேறினால் பாதி வேலை முடிந்தது.

புளூடூத் வசதியை மட்டும் நம்பி வாங்காதீங்க. ஒலி சற்றுத் தாமதமாக வரும். கேம் விளையாடுபவருக்கும் வீடியோ எடிட் செய்பவருக்கும் அது தொல்லை. கம்பி இணைப்பும் இருக்கட்டும்.

நம்ம ஊர் வெயிலும் இடியும்

கூம்பைச் சுற்றி இருக்கும் வளையத்தை விரலால் லேசாகத் தொட்டுப் பாருங்க. ரப்பர் என்றால் நல்லது. ஃபோம் என்றால், இங்குள்ள ஈரப்பதத்தில் சில ஆண்டுகளில் பொடியாக உதிரும். பழைய ஸ்பீக்கரை மலிவாக வாங்கும்போது முதலில் பார்க்க வேண்டியதும் இதுதான். கிள்ளான் பள்ளத்தாக்கில் மாலை இடி மின்னலுக்குப் பஞ்சமே இல்லை, அதனால் மின் பாய்ச்சலைத் தடுக்கும் நீட்டிப்புப் பலகை ஒன்றும் சேர்த்து வாங்குங்க. இடி தொடங்கினால் பிளக்கைக் கழற்றிவிடுவது இன்னும் பாதுகாப்பு. பிளக்கிலும் அடாப்டரிலும் சிரிம் முத்திரை இருக்கிறதா என்றும் பாருங்க.

வீட்டில் வைக்கும்போது இரண்டு பெட்டிகளும் உங்க தலையும் சம முக்கோணமாக இருக்கட்டும், ட்வீட்டர் காது உயரத்தில். சுவரோடு ஒட்டி வைத்தால் பேஸ் கொழகொழவென்று ஆகிவிடும். சத்த அளவிலும் கவனம் வேண்டும்: பெரியவர்களுக்கு 80 டெசிபல் என்றால் வாரத்துக்கு 40 மணி நேரம் என்பது உலகச் சுகாதார நிறுவனம் சொல்லும் எல்லை.

வாங்கிய பொருள் சொன்னபடி இல்லை, கடையும் கைவிரித்துவிட்டதா? ரசீதையும் விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷாட்டையும் பத்திரப்படுத்துங்க. பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்தில் 5 ரிங்கிட் கட்டணத்தில் வழக்குப் பதியலாம். 50,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கைகளை அது விசாரிக்கும்; வக்கீல் வைக்கத் தேவையில்லை. மூன்று ஆண்டுக்குள் பதிய வேண்டும்.