ரயில்வே கேட்டும் அம்பாசடர் ஃபேனும்

ஆபீஸ்ல ஆணி கொஞ்சம் கம்மி, அதனால ஒரு கொசுவத்தி. மெக்கானிக்கல் படிச்சுட்டு பொட்டி தட்டற பாவத்துக்கு இதையாவது எழுதறேனே :)

நல்லூர்ல எங்க பெரியப்பாகிட்ட ஒரு அம்பாசடர் மார்க் 2 இருக்கு. விருத்தாசலம் பக்கம் ரயில்வே கேட் போட்டா போச்சு, பத்து நிமிஷத்துல பானெட்லேர்ந்து ஆவி. டிக்கியில எப்பவும் ரெண்டு கேன் தண்ணி. சிரிக்காதீங்க. 1888-ல பெர்த்தா பென்ஸ் அம்மணி மான்ஹைம்லேர்ந்து ஃபோர்ட்ஸ்ஹைம் வரைக்கும் வழியெல்லாம் தண்ணி ஊத்தித்தான் போனாங்க. அந்த வண்டியில தண்ணி கொதிச்சு ஆவியாப் போறதுதான் கூலிங்கே. 1901-ல வந்த மெர்சிடிஸ் 35 ஹெச்.பி.க்கு மேபாக் 8,070 குட்டிக் குழாய்களை அடுக்கி தேன்கூடு ரேடியேட்டர் செஞ்சு, பின்னாடி ஒரு ஃபேனும் வச்சார். அம்பாசடர்ல இருக்கறதும் அந்த வம்சம்தான்.

விருத்தாசலம் பீங்கான் சூளையில 1200 டிகிரி இருக்கும்னு வைங்க. எஞ்சினுக்குள்ள எரியற வாயு 2000 டிகிரியைத் தாண்டும். பெட்ரோல் தர்ற சூட்டுல சுமாரா மூணுல ஒரு பங்கை தண்ணி வழியா வெளியேத்தணும்.

இங்கதான் பழைய வண்டியோட கோளாறு. ஃபேன் பெல்ட்டுல சுத்துது. ஓடும்போது எதிர்காத்தே போதும், அப்ப ஃபேன் வேகமா சுத்தும். கேட்டுல நிக்கும்போதுதான் காத்து வேணும், அப்ப சோம்பேறியா சுத்தும். வேகம் ரெண்டு மடங்கானா காத்தும் ரெண்டு மடங்கு, ஆனா அதுக்கு இழுக்கற சக்தி எட்டு மடங்கு! 1983-ல வந்த மாருதி 800-ல எஞ்சின் குறுக்கால உக்காந்ததால பெல்ட் ஃபேனுக்கு வழியில்லாம கரண்ட் ஃபேன் வந்துச்சு. (1959-லயே மினியிலயும் எஞ்சின் குறுக்கதான். அவங்க ரேடியேட்டரையே பக்கவாட்டுல திருப்பி வச்சு பெல்ட்டை விடாம சமாளிச்சாங்க. கில்லாடிங்க.)

ஒரு மெக்கானிக் மாருதி ஃபேன் ஒண்ணை ரேடியேட்டருக்கு முன்னாடி மாட்டி, பழைய ஃபேனைக் கழட்டிட்டார். இப்ப ரோட்டுல ஓடும்போதே சூடு! ஹெட் கேஸ்கட் போச்சு. பழைய பிரிட்டிஷ் வண்டிகள் பலதும் பாசிட்டிவ் எர்த். இதுவும் அப்படித்தான். வழக்கம்போல ஒயரைக் குடுத்ததுல மோட்டார் தலைகீழா சுத்தி, எதிர்காத்தோட மல்லுக்கட்டியிருக்கு. "பழைய இரும்புக்குப் போட்டுருங்க"ன்னாங்க பெரியம்மா. பெரியப்பா ரெண்டு நாள் சரியா சாப்பிடலை. 2014-லயே உத்தர்பாராவுல உற்பத்தியை நிறுத்திட்டாங்க, ஹெட் வளைஞ்சிருந்தா புதுசுக்கு எங்க போறது? நல்லவேளை, வளையலை.

ஒயரை மாத்தினா மட்டும் தீருமா? ஃபேன் 10 ஆம்பியர் கேக்கும், ஹெட்லைட்டுக்கு 8. டைனமோவோ ஐட்லிங்ல சார்ஜே பண்ணாது, சிவப்பு லைட்டு எரியும். அதாவது ஃபேன் தேவைப்படற அதே நேரத்துல பேட்டரி காலி. ஆல்டர்னேட்டர் போடாம கரண்ட் ஃபேன் வேஸ்ட்டுன்னு என் கட்சி.

கடைசியில ரேடியேட்டரைக் கழட்டிப் பாத்தா, வருஷக்கணக்கா ஊத்தின போர் தண்ணியோட உப்பு பாதிக் குழாயை அடைச்சிருக்கு. அதைச் சுத்தம் பண்ணி, புது மூடி போட்டோம். 7 பி.எஸ்.ஐ. அழுத்தம் தாங்கற மூடி இருந்தா தண்ணி 110 டிகிரி வாக்குலதான் கொதிக்கும். பழைய ஃபேனையே திரும்ப மாட்டி, சுத்தி தகரத்துல ஒரு கூடு அடிச்சோம். கூடு இல்லைன்னா ஃபேன் சுடுகாத்தையே சுத்திச் சுத்தி இழுத்துக்கிட்டு இருக்கும்.

போன சித்திரையில அதே கேட்டுல கால் மணி நேரம் நின்னோம். சரக்கு ரயில், பெட்டி எண்ணி மாளலை. பெரியப்பா பழக்கதோஷத்துல கேனை எடுக்க இறங்கிப் போயி, பானெட்டைத் தொட்டுப் பாத்துட்டு, அந்தத் தண்ணியில மூஞ்சியைக் கழுவிட்டு வந்து உக்காந்தார்.