பெரும்பலகை எழுத்தும் அதன் மூலப்படியும்

எழுத்தின் வரலாற்றை ஆராய்வோர் கல்லையும் செம்பையும் ஓலையையும் தாளையுமே பெரும்பாலும் சான்றாகக் கொள்வர். தெருவில் நிற்கும் பெயர்ப்பலகையும் பதாகையும் அவர்தம் நோக்கிற்கு எளிதிற் படுவதில்லை. ஆயினும் மொழியின் எழுத்தை நாள்தோறும் மிகப் பலர் காணுமிடம் இவையே. இக்கட்டுரைக்கண் நாம் ஆராயப் புகுவது பலகையில் தோன்றும் எழுத்தை அன்று. அவ்வெழுத்துப் பலகையில் ஏறுமுன் எவ்வாறு ஆயத்தம் செய்யப்பெற்றது என்பதையே. அவ்வாறு ஆயத்தம் செய்யப்பெற்றதனை மூலப்படி என வழங்குவோம். அது காலந்தோறும் மாறி வந்தவாற்றையும், இன்று கணிப்பொறிக் கோப்பாய் நிற்கும் அதனிடத்து நேர்ந்துள்ள ஓர் இழப்பையும் எடுத்துக்காட்டுதல் நம் கருத்தாகும்.

1. கல்லும் ஓலையும்

கல்வெட்டிற்கும் மூலப்படி உண்டு. அரசன் ஆணை வாய்மொழியாய்ப் பிறந்து, ஓலையில் ஏறி, அதன்பின்னரே கல்லிற்கு வந்தது. முதலாம் இராசராசன் (985–1014) தன் 26-ஆம் ஆட்சியாண்டில், தானும் தன் தமக்கையும் தேவியரும் பிறரும் வழங்கிய கொடைகளைத் தஞ்சைப் பெரிய கோயில் விமானத்துக் கல்லில் வெட்டுமாறு பணித்த செய்தியை அக்கோயிற் கல்வெட்டே கூறுகின்றது. சொல்லியவன் ஒருவன், எழுதியவன் ஒருவன், வெட்டியவன் மற்றொருவன். கல்வெட்டுகள் பலவற்றின் இறுதியில், இஃது இன்னார் எழுத்து என எழுதியவன் பெயர் காணப்படுதலை நாம் அறிவோம். எழுத்திற்குப் பொறுப்பாளன் ஒருவன் இருந்தான் என்பது இதனால் விளங்கும். ஓலை மறைந்தது; கல் நின்றது. மூலப்படி அழிந்தபோதும் உரை அழியவில்லை என்பதே ஈண்டு நினைவிற்கொள்ளத்தக்கது.

2. அச்சும் தூரிகையும்

அச்சுக்கலை வந்தபின் எழுத்தின் அளவு ஒரு பெரும் வினாவாயிற்று. 1578-இல் கொல்லத்தில் ‘தம்பிரான் வணக்கம்’ அச்சேறியது. 1713-இல் செருமனியின் ஆலே நகரிலிருந்து தரங்கம்பாடிக்கு வந்த தமிழ் அச்செழுத்துகள் அளவிற் பெரியனவாய் இருந்தமையால் தாள் மிகுதியாகச் செலவாயிற்று. ஆதலின் சிறிய எழுத்துகளை இங்கேயே வார்க்க நேர்ந்தது. உலோக எழுத்திற்கு ஓரளவே உண்டு. வேறளவு வேண்டுமாயின் வேறு வார்ப்பு வேண்டும் என்பது இதன் பொருள். பெருஞ்சுவரொட்டிகட்கு உலோக எழுத்துப் பொறுக்கொணாத எடையும் விலையும் உடையதாயிற்று. அதனால் அமெரிக்காவில் டேரியசு வெல்சு என்பார் 1827-இல் மர எழுத்துகளைப் பொறியாற் குடையும் முறையைக் கொணர்ந்தார்.

நம் நாட்டுப் பலகை எழுத்தாளரோ வார்ப்பை நாடவில்லை. சுண்ணப்பொடி தோய்ந்த நூலை இழுத்தடித்து வரி அமைத்து, எழுத்தின் புறவரை இட்டு, வண்ணம் நிரப்பினர். திரைப்படப் பதாகை எழுதியோர் சிறு படத்தின்மேல் கட்டம் இட்டு, அதே எண்ணிக்கையிற் பெரிய கட்டங்களைத் துணியில் இட்டு, கட்டத்திற்குக் கட்டம் உருவைப் பெயர்த்தனர். இவர்கட்கு மூலப்படியாவது கடைக்காரர் எழுதித் தந்த ஒரு சீட்டும் ஒரு சிறு படமுமே. எழுதுவோனும் பொறிப்போனும் ஈண்டு ஒருவனே ஆயினன். சீட்டு மறைந்தாலும் பலகை பல்லாண்டு நின்றது. 1978-இல் தமிழ்நாட்டரசு ஏற்ற எழுத்துச் சீர்திருத்தத்திற்கு முற்பட்ட லகர, னகர ஐகார வடிவங்களைத் தாங்கிய பலகை ஒன்று கிடைப்பின், அதன் காலத்தை உய்த்துணர அவ்வடிவமே துணைசெய்யும். பழையோர் அதன் பின்னரும் அவ்வழக்கைத் தொடர்ந்திருத்தல் கூடுமாதலின், பிற சான்றும் உடன்கொள்ளற்பாலது.

3. வளைகோடும் அளவும்

எழுத்தை அளவினின்று விடுவித்தது கணிதமாகும். 1959-ஐ ஒட்டிச் சித்ரோன் நிறுவனத்தில் தெ காசுத்தெல்சோவும், 1960-களில் ரெனோ நிறுவனத்தில் பெசியேயும் உந்துவண்டிகளின் மேற்புற வளைவை வரையக் கண்ட முறை, சில புள்ளிகளால் ஒரு வளைகோட்டை முழுதும் வரையறுப்பதாகும். 1984-இல் வெளிவந்த போஸ்ட்ஸ்கிரிப்ட் என்னும் அச்சு மொழி இவ்வளைகோட்டை எழுத்துருவிற்குக் கொண்டது. அன்றுமுதல் ஒரே எழுத்து விரலளவிலும் பனையளவிலும் சிதைவின்றி அச்சாகும் நிலை பிறந்தது. 2000-ஐ ஒட்டிப் பிளக்ஸ் அச்சு தமிழகத்திற் பரவவே, தூரிகையின் தொழில் சில ஆண்டுகளுள் பெரிதும் சுருங்கியது.

இனி, இன்றைய கோப்பினை ஆயத்தம் செய்யும் முறையை நோக்குவோம். 40 அடி நீளமும் 20 அடி உயரமும் உள்ள பதாகை ஒன்றைக் கொள்க. பி.டி.எஃப் வடிவின் பழைய பதிப்புகளில் ஒரு பக்கம் 200 அங்குலத்திற்கு மேற்படல் இயலாது. 40 அடியோ 480 அங்குலம். ஆதலின் பத்தில் ஒரு பங்காக, 48-க்கு 24 அங்குலமாகக் கோப்பு வரையப்பெறும். அதன்கண் அங்குலத்திற்கு 300 புள்ளிகள் வைத்தால், அச்சில் அது 30 புள்ளியாகும். நிழற்படத்திற்கு 14,400-க்கு 7,200 புள்ளிகள் போதும். நான்கு மைக்கும் சேர்த்து ஏறத்தாழ 41 கோடி பைட்டுகள். முழு அளவிலேயே 300 புள்ளி வேண்டுமெனின் இது நூறு மடங்காகும். அஃது வேண்டுவதில்லை. மனிதக் கண் பிரித்தறியும் கோணம் ஏறத்தாழ ஒரு பாகையின் 60-இல் ஒரு கூறு. 30 மீட்டர்த் தொலைவில் அது 9 மில்லிமீட்டரை ஒட்டியது. நம் புள்ளியோ ஒரு மில்லிமீட்டரினும் சிறிது. சிறு படத்தையும் பெருந்துணியையும் ஒரே எண்ணிக்கைக் கட்டத்தால் இணைத்த ஓவியனின் வழியே இதுவும் என்பது உணரத்தக்கது.

இவையன்றி, துணியின் விளிம்பு மடித்து ஒட்டப்பெற்று வளையம் பதிக்கப்பெறும் ஆதலின், எழுத்து விளிம்பினின்று விலகி நிற்றல் வேண்டும். கடைப் பெயர்ப்பலகையாயின், தமிழ், ஆங்கிலம், பிறமொழி ஆகியன 5:3:2 என்னும் அளவில் அமைதல் வேண்டும் என்னும் தமிழ்நாட்டு விதியும் கோப்பிலேயே கருதற்குரியது.

4. தமிழெழுத்திற்கு நேரும் இடர்

தமிழைப் பொறுத்தவரை இடர் வேறொன்று உண்டு. தொடக்கக் காலத் தமிழ் எழுத்துருக்கள் இலத்தீன் எழுத்துகட்குரிய இடங்களில் தமிழ் வடிவங்களை வைத்தன. நிறுவனந்தோறும் வைப்புமுறை வேறுபட்டது. இதனைச் சீர்செய்ய 1999-இல் சென்னையில் நிகழ்ந்த தமிழ் இணைய மாநாட்டினை ஒட்டித் தாப், தாம் என்னும் தரங்கள் ஏற்கப்பெற்றன. 1991-இல் வெளிவந்த ஒருங்குறி தமிழுக்குத் தனியிடம் தந்திருந்தது; 2010-இல் தமிழ்நாட்டரசும் அதனைத் தரமாக ஏற்றது. எனினும் பதாகைக் கடைகள் பலவற்றில் பழைய எழுத்துருக்களே இன்றும் வழங்குகின்றன. அவ்வெழுத்துரு இல்லாத கணிப்பொறியிற் கோப்பினைத் திறப்பின், தமிழ்த்தொடர் பொருளற்ற இலத்தீன் எழுத்துக் குவியலாகத் தோன்றும். ஒருங்குறியிலோ மெய்க்குப் பின்னரே உயிர்க்குறி சேமிக்கப்பெறும்; அதனை இடம் மாற்றிக் காட்டும் திறன் இல்லாத மென்பொருளில் எகர ஏகாரக் கொம்புகள் முன்னர் நில்லாது பின்னர் நின்று பிழைபடும்.

இவ்விடர்க்கு அஞ்சியே, அச்சிற்கு அனுப்புமுன் எழுத்தனைத்தையும் வளைகோடுகளாக மாற்றிவிடுதல் கடைகளின் வழக்காயிற்று. மாற்றியபின் எழுத்துரு வேண்டுவதில்லை. எங்கும் வடிவம் மாறாது. இது தக்க காவலே. இதனை நாம் குறை கூறவில்லை. ஆயின் அக்கணமே ககரம் ககரமாய் இருத்தல் ஒழிகின்றது. எஞ்சுவது ககரத்தை ஒத்த ஒரு வரைவு மட்டுமே. அதனைச் சொல்லாகத் தேடவும் இயலாது. விடுபட்ட வல்லொற்று ஒன்றைச் சேர்க்கவும் வடிவத்தை வேறிடத்தினின்று பெயர்த்து ஒட்டுதல் வேண்டும்.

5. இழப்பும் கடமையும்

கல்வெட்டில் மூலப்படி அழிந்தும் உரை நின்றது. தூரிகைப் பலகையிலும் அவ்வாறே. பிளக்ஸ் பதாகையோ விழா முடிந்ததும் இறக்கப்பெற்றுக் கூரை மூடியாகவும் குப்பையாகவும் போகின்றது. ஆதலின் உரை நிற்குமிடம் கோப்பு ஒன்றே. அக்கோப்பிலோ உரை இல்லை, வளைகோடே உள்ளது. கோப்பினை ஆக்கியவர் பெயரும் நாளும் அதன்கண் இல்லை. இதுவே நாம் முற்கூறிய இழப்பு.

பதாகை நாட்கழியுமுன் மறையும் பொருள். அதனைக் காத்தற்கு என்ன தேவை எனச் சிலர் வினவலாம். கொடுமணலிலும் கீழடியிலும் பானை ஓட்டிற் பெயர் கீறியோர், அதனை ஆராய்ச்சிக்கெனக் கீறினாரல்லர். இன்று அக்கீறலே நமக்குச் சான்றாயிற்று. ஊர்ப்பெயர், மக்கட்பெயர், உறவுச்சொல், வாழ்த்துமுறை, ஒற்றுவழக்கு ஆகியவற்றிற்குப் பதாகையினும் நேரிய சான்று அரிது.

வேண்டுவது பெரிதன்று. அச்சிற்குரிய வளைகோட்டுப் படியோடு, எழுத்து எழுத்தாகவே நிற்கும் திருத்தப்படியையும், ஒருங்குறியில் அமைந்த தனியுரைப்படியையும் சேர்த்து வைத்தல் வேண்டும். உரைப்படியில் ஊரும் நாளும் அளவும் ஆக்கியவர் பெயரும் இடம்பெறல் வேண்டும். இது சில வரிகளே, இடமும் கொள்ளாது. தமிழ்த்துறைகள் தத்தம் ஊர்க் கடைகளிலிருந்து இத்தகைய படிகளைத் தொகுத்தல் முதுகலை மாணவர்க்குத் தக்க களப்பணியாகும். இன்னார் எழுத்து எனப் பண்டை எழுத்தாளன் தன் பெயரிட்டு ஏற்ற பொறுப்பு, கோப்பினை ஆக்குவோர்க்கும் உரியதே என்பது எம் துணிபு.